கோன்செட்டும் கூலியும்

2016இல் அறிமுகமாகி, 2023இல் 452 சிசி வண்டிக்கு இடம்விட்டு விலகிய ஹிமாலயன் 411 இன்று செகண்ட்ஹேண்ட் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்கிய கையோடு நாம் செய்வது என்ன? கூடுதல் விளக்குகளையும் அலுமினியப் பெட்டிகளையும் கேட்ட விலைக்கு வாங்கிப் பூட்டுகிறோம். ஆனால், கோன்செட் மாற்ற மெக்கானிக் கேட்கும் கூலியில் நூறு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் வழக்காடுகிறோம். இதற்குச் சிக்கனம் என்று பெயர் வேறு!

மலைப்பாதையில் ஓடிய வண்டியின் வரலாறு அதன் பெயின்டில் இருப்பதில்லை. முன்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை நிறுத்தி, போர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். தட்டும் ஓசை எழுந்தால் கோன்செட் தளர்ந்திருக்கலாம். ஹேண்டில்பாரைத் திருப்புகையில் நடுவில் சிக்கினால் அது தேய்ந்திருக்கிறது. ஓடைநீரும், கழுவுமிடத்தில் பீய்ச்சியடிக்கும் நீரும் உள்ளே புகுந்து கிரீஸைக் கெடுத்திருக்கும். ஹேண்டில்பார் சீராகத் திரும்பாத வண்டியில் 21 அங்குல முன்சக்கரம் இருந்தென்ன, 200 மி.மீ. ஏறியிறங்கும் போர்க் இருந்தென்ன?

விளக்கைப் பூட்டினால் ஊர் பார்க்கும். கோன்செட்டை மாற்றியது எவர் கண்ணுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத உழைப்பை மதிக்க நாம் பழகவேயில்லை. செல்லரித்த சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா.வைத் தமிழ்த் தாத்தா என்று போற்றுகிறோம். பிரதியில் பிழை களைந்தால் புலமை. இயந்திரத்தில் பழுது களைந்தால் வெறும் கூலிவேலை. இந்தப் பாகுபாட்டை நமக்குக் கற்பித்தது எந்த இலக்கணம்?

பழைய வண்டிக்கென ஒதுக்கும் பணத்தின் முதற்பங்கு கோன்செட்டுக்கும் போர்க் ஆயிலுக்கும் பிரேக்குக்கும், அவற்றை அறிந்த கைகளுக்கும் போகட்டும். மிஞ்சினால் விளக்கு வாங்கிக்கொள்ளலாம்.