70 சதவீத அடைப்பாம்... அதனால்?

"70 பர்சன்ட் அடைப்பு இருக்கு. இன்னிக்கே ஸ்டென்ட் வெச்சிடலாம். விட்டா எப்ப வேணா அட்டாக் வரும்." ஆஞ்சியோகிராம் மேஜையில் நோயாளி படுத்திருக்கும்போதே, வெளியே நிற்கும் மனைவியிடம் இப்படிச் சொன்னால் அந்தம்மா என்ன செய்வார்? கையெழுத்துப் போடுவார். நகை அடகுக்கடைக்குப் போகும்.

மாரடைப்பே வந்துவிட்டது என்றால் இந்த அவசரம் நியாயம். அங்கே ஸ்டென்ட் உயிர் காக்கிறது, அதில் சண்டையே இல்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது, மாதக்கணக்காக இப்படித்தான் என்று நடந்து வருகிறவரிடமும் அதே பயமுறுத்தலா?

2007-லேயே 'கரேஜ்' ஆய்வு 2,287 பேரை வைத்துச் சொல்லிவிட்டது: இவர்களுக்கு மருந்தோடு ஸ்டென்ட்டும் வைத்தால், வெறும் மருந்தைவிடச் சாவோ மாரடைப்போ குறைவதில்லை. உடனே சாக்கு கிளம்பியது. அது பழைய மாடல் ஸ்டென்ட், அடைப்பின் பாதிப்பு அதிகம் உள்ளவர்கள் போதவில்லை, இத்யாதி. சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று வந்தது 'இஸ்கீமியா' ஆய்வு. இந்தியா உட்பட 37 நாடுகள், 5,179 பேர், எல்லாருக்கும் பரிசோதனையில் இதயத்துக்கு ரத்தம் போதாதது தெளிவாகத் தெரிந்திருந்தது, புது மாடல் ஸ்டென்ட். 2020-ல் முடிவு வெளியானது. உடனே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்த பக்கம் 145 பேர் இறந்திருந்தார்கள். முதலில் மருந்து என்று இருந்த பக்கம்? 144.

இதயக் குழாயைச் சாக்கடைக் குழாயாக நினைப்பதால் வரும் கோளாறு இது (பிளம்பர்கள் மன்னிக்க). பல மாரடைப்புகள் பெரிய அடைப்பில் வருவதில்லை. படத்தில் சாதுவாகத் தெரியும் சின்னக் கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வருகின்றன. ஸ்டென்ட் விரிப்பது சில சென்டிமீட்டரைத்தான். ஸ்டாட்டின் மாத்திரை குழாய் முழுக்க வேலை செய்கிறது. மாத்திரைக்கு ஒரு லட்சம் பில் போட முடியாது, அது வேறு விஷயம்.

ஸ்டென்ட் வலியைக் குறைக்கும், உண்மை. 2023-ல் வந்த 'ஆர்பிட்டா-2' பொய் சிகிச்சையோடு ஒப்பிட்டே அதைக் காட்டியது. அப்படியானால் "வலி குறையும்" என்று சொல்லி வையுங்கள். "வைக்காவிட்டால் செத்துப்போவார்" என்று ஏன் சொல்ல வேண்டும்?

2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. நல்ல காரியம். தேவையில்லாத ஸ்டென்ட்டுக்கு அந்த 29,600-மே தண்டம்தான்.

இடது பிரதான தமனியில் அடைப்பு உள்ளவர்களும், இதயத்தின் பம்ப் செய்யும் திறன் ரொம்பக் குறைந்தவர்களும் இஸ்கீமியா ஆய்வில் இல்லை. அவர்கள் கணக்கு வேறு. மற்றவர்கள் சி.டி.யை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம், இன்னொரு டாக்டரிடம் காட்டலாம். அந்த ஆய்வில் மருந்தோடு ஆரம்பித்தவர்களில், நான்கு வருஷத்துக்குள் ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான்.