பாய்லருக்கு உள்ள சோதனை குடியிருக்கும் வீட்டுக்கு இல்லையா?

வீடு வாடகைக்கு எடுக்குமுன் கட்டிடத்தின் அனுமதியைப் பார், வரைபடத்தைப் பார், தூணைப் பார் என்று சென்னை நகரத்து ஜனங்களுக்கு உபதேசம் நடக்கிறது. நல்ல உபதேசம்தான். ஆனால் மயிலாப்பூர் சந்திலும் அடையாற்றின் கரையிலும் ஒற்றை அறைக்கு அலைகிறவன், "வரைபடத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? அடுத்த ஆளைக் கூப்பிடுவார்!

பட்டணத்துச் சங்கதி நமக்கெதற்கு என்று தோழர்கள் இதைத் தள்ளிவிட வேண்டாம். தியாகராய நகர்க் கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்று துணி எடுத்துப் போடும் பையன்களும் பெண்களும் யார் வீட்டுப் பிள்ளைகள்? ஆலையும் வயலும் சோறு போடாததால் ரயிலேறிப் போன நம் பிள்ளைகள். பலருக்குக் கடை மாடியே வீடு, அல்லது பத்துப் பேர் படுக்கும் ஓர் அறை.

2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடை தீப்பிடித்தது. உள்ளே சிக்கிய ஊழியர் இருவர் மாண்டனர். 2017 மே 31 விடியற்காலையில் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டிடம் எரிந்தது. ஒரு நாளைக்கு மேல் எரிந்து, ஒரு பகுதி சரிந்தது. உள்ளே இருந்த ஊழியர்களைத் தீயணைப்புப் படையினர் மீட்டார்கள். அனுமதித்ததற்கு மேல் மாடிகள் எழும்பியிருந்தன என்று சர்க்காரே சொன்னது. மிச்சத்தை இடிக்கும் வேலையிலும் ஒரு தொழிலாளியின் உயிர் போயிற்று.

மாடிகள் இரவோடு இரவாக முளைத்தனவா? இல்லை. நகர அமைப்புச் சட்டம் 1971 முதல் இருக்கிறது. விதியை மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டினால் கட்டிடத்தை முறைப்படுத்தலாம் என்று அதில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி வரை கட்டியவற்றுக்கு என்றார்கள். பிறகு 2000, 2001, 2002 என்று வருஷா வருஷம் நீட்டினார்கள். அந்த நீட்டிப்புகளை 2006-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே இடிப்பையும் சீல் வைப்பையும் நிறுத்த அவசரச் சட்டம் வந்தது! 2011 அக்டோபரில் தி. நகர்க் கடைகளுக்குச் சீல் வைத்தார்கள்; 2012 பொங்கல் வியாபாரத்துக்குத் திறந்தும் விட்டார்கள். பணம் கட்டியதால் எந்த மாடிப்படி ஓரடி அகலமாயிற்று? எந்தத் தூணில் ஒரு கம்பி கூடியது?

அனுமதி இருந்தாலே போதும் என்றும் எண்ண வேண்டாம். போரூர்ப் பக்கம் மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்திலிருந்த 11 மாடிக் கட்டிடம் விழுந்து 61 பேர் இறந்தனர். ஆந்திரத்திலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்களே அதில் மிகுதி. அந்தக் கட்டிடத்துக்குப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி இருந்தது.

சர்க்காரே வீட்டுக்காரராக இருக்கும் இடத்தின் கதையும் சொல்ல வேண்டும். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் குடியிருப்பில் 2024 டிசம்பரில் மேலிருந்து காரை இடிந்து விழுந்து ஓர் இளைஞர் இறந்தார். திருவொற்றியூரில் 2021 டிசம்பரில் 24 வீடுகள் கொண்ட கட்டிடம் தரைமட்டமாயிற்று. விரிசலைக் கண்டு ஜனங்களே வெளியேறியதால் உயிர் பிழைத்தார்கள். அதிகாரி யாரும் வந்து காப்பாற்றவில்லை.

ஆகவே கண்ணைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். கடற்காற்று படும் இடங்களில் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காரையைப் பிளக்கும். தூணிலும் கூரையிலும் பழுப்புக் கறை, தட்டினால் பொள்ளென்ற ஓசை, கதவு திடீரெனச் சட்டத்தில் இறுகுவது, இவையெல்லாம் கட்டிடம் தரும் நோட்டீஸ். மாடிப்படி ஒன்றே ஒன்றாயிருந்து அதிலும் சரக்கு மூட்டைகள் கிடந்தால் அங்கே படுக்காதீர்கள். சொத்து வரி ரசீதைக் காட்டி "எல்லாம் சட்டப்படி" என்பார்கள். நம்பாதீர்கள், விதி மீறிய கட்டிடத்துக்கும் வரி வாங்குகிறார்கள். கேட்க வேண்டியது அனுமதி வரைபடமும் பணி முடிவுச் சான்றிதழும். வரைபடத்தில் எத்தனை மாடி, கண்ணெதிரே எத்தனை மாடி என்று எண்ண எழுத்தறிவு கூட வேண்டாம்.

ஆனால் இத்தனையும் குடியிருப்பவன் தலையில்தானா? ஆலையிலே பாய்லருக்குக் காலம்தோறும் சோதனை உண்டு. சான்றிதழ் இல்லாமல் நெருப்பு மூட்ட முடியாது. வேலைக்குச் சேருகிற தொழிலாளியே பாய்லரைச் சோதித்துக்கொள்ளட்டும் என்று எந்த முதலாளியும் சொல்லத் துணிந்ததில்லை. மனிதர்கள் தூங்கும் கட்டிடத்துக்கு மட்டும் ஏன் அந்த நியாயம்?

2019-இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி குடித்தன ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாகவும் வேண்டும். அந்தப் பதிவுக்கு அனுமதி வரைபடத்தின் நகலைக் கொடுக்கும் பொறுப்பை வீட்டுக்காரர் மீது வையுங்கள். கடை முதலாளி ஊழியர்களைத் தங்க வைக்கும் அறைகளுக்கும் இது பொருந்தட்டும். 'டு லெட்' பலகை தொங்கும் அதே கேட்டில், அனுமதித்த மாடி எத்தனை என்பதைத் தமிழில், கொட்டை எழுத்தில் எழுதி மாட்டும்படி மாநகராட்சி உத்தரவிடட்டும்.