கலந்தாலோசனையும் இசைவும்

'கன்சல்டேஷன்', 'கன்கரன்ஸ்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களும் அலுவலக வழக்கில் அருகருகே நடமாடுபவை. பிறரைக் கேட்டுச் செய்தல் என்னும் பொதுப்பொருள் இரண்டிலும் உண்டு. ஆயினும் முன்னது ஒரு செயல்முறையின் பெயர். பின்னது அதன் ஒரு விளைவின் பெயர். மருத்துவரைக் கலந்தாலோசித்தவர் அவர் சொல்லைத் தள்ளிவிடலாம். அதனால் கலந்தாலோசித்தது பொய்யாகிவிடாது. 'அவர் இசைந்தார், ஆனால் உடன்படவில்லை' என்றாலோ வாக்கியமே தன்னை முறித்துக்கொள்ளும்.

இவ்வேறுபாட்டை அரசமைப்பை வரைந்தோர் நன்கறிந்திருந்தனர். பிரிவு 370-இல் இணைப்புப் பத்திரத்துக்கு உட்பட்ட பொருள்களுக்கு மாநில அரசுடன் கலந்தாலோசனை போதும் என்றும், அதற்கு அப்பாற்பட்டவற்றுக்கு அதன் இசைவு வேண்டும் என்றும் அடுத்தடுத்த உட்பிரிவுகளில் எழுதினர். நீதிபதிகள் நியமனம் பற்றிய பிரிவு 124-இல் அவர்கள் இட்டது கலந்தாலோசனை என்னும் சொல்லை மட்டுமே. தலைமை நீதிபதியின் இசைவு வேண்டும் என்ற கோரிக்கை அரசியல் நிர்ணய சபையில் எழாமலில்லை. 1949 மே 24 அன்று அம்பேத்கர் அதை மறுத்தார்: தலைமை நீதிபதியும் குறைபாடுகளுள்ள மனிதரே, அவருக்குத் தடுப்பதிகாரம் தருவது ஆபத்தானது என்பது அவர் வாதம்.

1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றமும் கலந்தாலோசனை இசைவாகாது என்றே கொண்டது. 1993-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைப் புரட்டிப்போட்டது. தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்றாகி, கொலீஜியம் பிறந்தது.

அவ்வமர்வின் அச்சத்தில் நியாயம் இருந்தது. 1973-இல் மூத்த நீதிபதிகள் மூவரும், 1977-இல் எச்.ஆர். கன்னாவும் ஓரங்கட்டப்பட்டதை யார் மறப்பர்? அரசின் பிடியிலிருந்து நீதித்துறையைக் காக்க வேண்டும் என்பது வலுவான அரசியல் வாதம். ஆனால் அதைச் சொற்பொருள் விளக்கமாக மாறுவேடமிட்டு அனுப்பியதில்தான் சிக்கல்.

சூழல் பொருளை மாற்றும் என்று மொழியியலைத் துணைக்கழைப்போர் உண்டு. மாற்றும்தான், எந்த அளவுக்கு என்பதே கேள்வி. இணைச்சொல்லோடு கொண்ட வேறுபாட்டால் ஒரு சொல் பொருள் பெறுகிறது என்பது சொசூர் முதல் வரும் பாலபாடம். அந்த இணைச்சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், முன்மொழியப்பட்டும், விவாதித்து விலக்கப்பட்ட இடத்தில், எஞ்சிய சொல்லுக்கு விலக்கிய சொல்லின் பொருளையே ஏற்றுவது விளக்கவுரை ஆகாது, அது திருத்தம். திருத்தம் செய்ய நாடாளுமன்றத்துக்குப் பிரிவு 368 இருக்கிறது. அவ்வழியில் வந்த 99-ஆம் திருத்தத்தையும் 2015-இல் நீதிமன்றம் செல்லாதென்றது வேறு கதை.

பணியாளர் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று பிரிவு 320-உம் சொல்கிறது. அங்கோ, ஆணையத்தைக் கேட்காமல் விட்டாலும் அரசின் நடவடிக்கை செல்லும் என்று 1957-இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே ஆவணத்தில் ஒரே வினைச்சொல் ஓரிடத்தில் கட்டளையைவிட இறுக்கமாகவும், மற்றோரிடத்தில் சம்பிரதாயத்தைவிடத் தளர்வாகவும் நிற்கிறது. சட்ட மாணவர் இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்கிறார்.