கூண்டுக்குள் கரையும் கிளியினங்கள்



பள்ளி விடுமுறையில் பிள்ளைகளின் பிடிவாதம் தாளாமல் கிளி வாங்கித் தருகிறோம். நிறத்தையும் விலையையும் கேட்கும் நாம், "இஃது எந்த இனம்? இதன் தாய் தந்தை எவை?" என்று கேட்பதே இல்லை. கேட்காத நமக்காகவே, கண்டபடி கலந்து பெருக்கும் வணிகம் தழைக்கிறது.

'லவ் பேர்ட்' எனும் குறுங்கிளிகளைப் பாருங்கள். ஆப்பிரிக்காவுக்கும் மடகாசுகருக்கும் உரிய இவற்றில் 9 இனங்கள் உள்ளன. கண்ணைச் சுற்றி வெண்வளையம் கொண்ட 4 இனங்களை ஒரே கூண்டில் அடைத்தால் அவை எளிதில் இணைசேரும். அவற்றின் கலப்புக் குஞ்சுகளும் வளர்ந்து குஞ்சு பொரிக்கும். சில தலைமுறைகளில் எது எந்த இனமெனக் கண்ணால் அறிய இயலாது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் கதையில்தான் உண்டு!

"கூண்டுக்கிளிதானே, கலந்தால் என்ன கேடு?" என்பார் சிலர். பிரேசிலின் ஸ்பிக்ஸ் மக்காவ் அவர்களுக்கு விடை சொல்லும். காட்டில் எஞ்சிய கடைசி ஆண்பறவை, தன்னினத் துணையின்றி வேறோர் இனமான நீலச்சிறகு மக்காவோடு இணைந்து வாழ்ந்தது. இனம் தழைக்கவில்லை, 2000ஆம் ஆண்டில் அப்பறவையும் மறைந்தது. ஆயினும் 2022இல் அதே இனப் பறவைகள் மீண்டும் அக்காட்டில் விடப்பட்டன. எப்படி? கூண்டுகளில் எஞ்சியிருந்த சிலவற்றைக் கலப்பின்றிப் பேணிப் பெருக்கியதால்தான். அவையும் கலந்துபோயிருந்தால், காட்டுக்குத் திருப்பித் தர எதுவும் இருந்திராது.

ஓர் எச்சரிக்கை. வகுப்பறையில் இதைச் சொல்லும்போது மனிதர்மேல் ஏற்றிப் பேசாதீர்கள். மாந்தர் அனைவரும் ஒரே உயிரினம். நம்மிடையே 'தூய குருதி' பேசுவது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

வளர்ப்போர் செய்யவேண்டியவை எளியவை. வெவ்வேறு இனங்களை ஒரே கூண்டில் இணைசேர விடாதீர்கள். குஞ்சின் காலில் எண்வளையம் இட்டுப் பெற்றோர் விவரத்தைக் குறித்து வையுங்கள். தூய்மை என்னும் பெயரால் உடன்பிறந்தவற்றையும் இணைக்காதீர்கள்; அதனால் வழித்தோன்றல்கள் நலிவுறும். கலப்புக் கிளி குற்றவாளி அன்று. அதை அன்போடு வளர்க்கலாம். அதை மேலும் பெருக்கி, தூய இனமெனப் பொய்யுரைத்து விற்பதே குற்றம்.

அடுத்தமுறை கடைக்குச் சென்றால், விலை கேட்கும்முன் கிளியின் பெற்றோரைக் கேளுங்கள். விடை கிடைக்காவிடில் வெறுங்கையோடு திரும்புங்கள். உங்கள் பிள்ளைக்கு அன்று கிளி கிடைக்காது. நல்லதொரு பாடம் கிடைக்கும்.