மாதம் இரண்டு பிற்பகல்: பள்ளிகளையும் முதியோர் இல்லங்களையும் இணைக்கக் கோரும் சாசனம்

தேனி மாவட்ட ஆட்சியர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட சமூகநல அலுவலர் ஆகியோருக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் ஆசிரியர்களும் பெற்றோர்களும் எழுதுவது.

விடியுமுன் கம்பம், கூடலூர், போடித் தெருக்களில் ஜீப்புகள் வந்து நிற்கின்றன. ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறிப் போகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்புவது பல வீடுகளில் அப்பத்தாவோ அம்மாச்சியோதான். ஆனால் அதே மலையில் ஆண்டுக்கணக்கில் காய் எடுத்து இடுப்பு ஒடிந்தவர்களில் சிலர், பார்க்க ஆளில்லாமல் முதியோர் இல்லத்துக் கட்டிலில் கிடக்கிறார்கள். நாலு தெரு தள்ளிப் பள்ளி இருக்கும். இரண்டுக்கும் இடையில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு வேன் போய் வரும்.

அந்த வேனில் நாங்களும் போயிருக்கிறோம். பாட்டு, பிஸ்கட் பாக்கெட், பேனரைப் பிடித்து ஒரு படம். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு பாட்டி எட்டாம் வகுப்புச் சிறுமியின் கையைப் பிடித்து, “யாரு மக தாயி நீ, எந்த ஊரு?” என்று கேட்டார். சிறுமி வாயெடுப்பதற்குள் கீழே ஹாரன் அடித்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

புதிதாக எதையும் கேட்கவில்லை. 1982 ஜூலை 1-ல் குழந்தைகளுக்கெனத் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 1983-ல் முதியோர் உதவித்தொகை பெறுகிறவர்களையும் சேர்த்துக்கொண்டது. பிள்ளைக்கும் கிழவிக்கும் ஒரே அடுப்பில் சோறு வெந்த மாநிலம் இது. சமூகநலத் துறையின் ஒருங்கிணைந்த வளாகங்களும் 25 முதியோரும் 25 ஆதரவற்ற குழந்தைகளும் சேர்ந்து வாழ்வதற்கென்றே வகுக்கப்பட்டவை. பள்ளிக்கூடத்துக்குத்தான் இதில் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை.

ஒன்று. ஒவ்வொரு அரசு, உதவிபெறும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியையும் அருகிலுள்ள ஓர் இல்லத்தோடு இணைத்து ஆணையிடுங்கள். எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கு மாதம் இரண்டு பிற்பகல் பாடவேளையாகவே ஒதுக்கப்பட வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு முதியவர், அந்த ஆண்டு முழுதும் அவரேதான். இல்லம் இல்லாத ஊரில், தனியாக வாழும் முதியோர் வீட்டுத் திண்ணையே போதும்.

இரண்டு. இது பாடத்தோடு சேர வேண்டும். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்ததைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலில் எப்படி முறை வைத்துப் பாய்ந்தது, மடையில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதை ஒரு தாத்தாதான் சொல்ல முடியும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைக்கு எந்த மொட்டை விட்டுக் கவாத்து செய்ய வேண்டும் என்பது தோட்டத்தில் நின்றவர் கைக்குத்தான் தெரியும். பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். திரும்பி வந்து, என்ன புரிந்தது, எது சங்கடமாக இருந்தது என்று வகுப்பில் பேசட்டும். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் இது வெறும் தருமம்தான். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். மதிப்பெண் வந்தால் பாட்டி ஒரு பிராஜெக்ட் ஆகிவிடுவார்.

மூன்று. நடக்க முடிந்த முதியவர்களைப் பள்ளிக்கும் அழையுங்கள். வண்டிச் செலவும் மதிப்பூதியமும் கொடுங்கள். தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் குடும்பங்கள் இங்கே நிறைய. எந்த மொழி பேசும் பிள்ளையை எந்த அவ்வாவோடு உட்கார வைப்பது என்பது ஆசிரியருக்குத் தெரியும்.

நான்கு. பிள்ளைகள் கூலியில்லா ஆட்கள் அல்ல. குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, மாத்திரை கொடுப்பது எல்லாம் பணியாளர் வேலை. பாஸ்புக், ஏடிஎம் அட்டை, கைரேகை எதிலும் மாணவர் கை படக்கூடாது. மூடிய அறையில் தனியாக யாரும் யாரோடும் இருக்கக்கூடாது. எப்போதும் ஓர் ஆசிரியரும் ஓர் இல்லப் பணியாளரும் உடன் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான 1098, முதியோருக்கான 14567 என்ற உதவி எண்கள் இரண்டும் சுவரில் இருக்க வேண்டும். சளி, காய்ச்சல் உள்ள பிள்ளை அன்று வரவேண்டாம். முதியவர் சம்மதிக்காமல் படம் எடுக்கக்கூடாது. ‘இன்று பேச மனமில்லை’ என்று அவர் சொன்னால் அதுவே முடிவு.

ஐந்து. இதை அழுத்திச் சொல்கிறோம். முதியவர் இறந்துபோனால் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். ‘ஊருக்குப் போய்விட்டார்’ என்று சொல்லி வேறொரு கட்டிலுக்கு அனுப்பாதீர்கள். எங்கள் ஊரில் எழவு வீட்டுக்குப் பிள்ளைகளும் போவார்கள், மாலை போடுவார்கள், அழுவார்கள். இல்லத்தில் இறந்தவருக்கு அந்த அழுகை பெரும்பாலும் வாய்ப்பதில்லை. விரும்பும் மாணவர்கள் பெற்றோரோடு வந்து கும்பிட்டுப் போக வழி செய்யுங்கள். மறுநாள் வகுப்பில் அவரைப் பற்றிப் பேச ஒரு பாடவேளை கொடுங்கள்.

ஆறு. 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மேல்நிலைப் பள்ளிகளிலும் இருக்கிறது. அதன் ஏழு நாள் சிறப்பு முகாம்களில் ஒன்றை இல்லங்களில் நடத்துங்கள்.

வெளிநாடுகளிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. சிங்கப்பூரில் மாணவர் சேவை 2012 முதல் நற்பண்புக் கல்வியின் ஒரு பகுதி. நெதர்லாந்தின் தெவென்தர் நகரில் ஒரு முதியோர் இல்லம் மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை கொடுக்கிறது. அவர்கள் மாதம் 30 மணி நேரம் முதியவர்களோடு செலவிட வேண்டும். நாங்கள் அறை கேட்கவில்லை, இரண்டு பிற்பகல்தான் கேட்கிறோம்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஆணை வேண்டும். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் இந்தச் சாசனத்தை நேரில் கொடுக்கிறோம். பதிலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தாருங்கள். இல்லங்களில் பிள்ளைகளே அதை வாசித்துக் காட்டுவார்கள்.