அண்டை வீட்டாரோடு ஓர் ஆட்டம்

பொன்முடி அடிவாரத்தில் பயிலும் நமக்கு, வான்வழியே அளந்தால், சென்னையினும் கொழும்பே அருகில். ஆயினும் கொழும்புக் குழுவொன்று நம்மவரோடு ஆண்டுதோறும் கூடைப்பந்து ஆடும் தொழில்முறைப் பந்தயம் உண்டா?

தென்கிழக்காசியாவைப் பாருங்கள், தோழர்களே! 2009-ல் ஆறு நாட்டுக் குழுக்கள் ஆசியான் லீக்கில் இறங்கின. 1965-ல் பிரிந்த சிங்கப்பூரும் மலேசியாவும் அதில் மோதின. 1990-களில் போரால் சிதைந்த யுகோஸ்லாவியாவின் மக்களே, சுலோவேனியா, குரோவேசியா, போஸ்னியா கழகங்களைக் கூட்டி, 2001-ல் அட்ரியாட்டிக் லீக் கண்டனர். சிறு நாடு தனித்து நடத்தினால் ஆட்டக்காரர் சம்பளத்துக்கே சீட்டுப் பணம் போதாது. சேர்ந்தால் போட்டியும் வலுக்கும், கூட்டமும் பெருகும். பயணச் செலவு கடிக்கும்தான். 2020-ல் கொள்ளைநோய் ஆசியான் ஆட்டங்களை நிறுத்தியதும் உண்மையே. அதனால் யோசனையே பிழையாகிவிடுமா?

சென்னை, திருவனந்தபுரம், கொழும்பு, யாழ்ப்பாணம்: தொடங்க நான்கு குழு போதும். யாழ்ப்பாணத்தார் இங்கு ஆட வரும் அன்று ஆய்வுக்கூடத்துக்கு நான் விடுப்பு!