சார்ஜன்டுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

நன்றாக வேலை செய்கிறவருக்கு நிறுவனம் தரும் பரிசு பதவி உயர்வு. நேற்றுவரை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் இன்றிலிருந்து பத்துப் பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை என்பது பலருக்குப் பதவியில் அமர்ந்த பிறகுதான் தெரிகிறது. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர் ஆனார். முதல் நாள் அவர் கைக்கு வந்தவை ஒரு புதிய சட்டை, ஒரு சாவிக்கொத்து, ஒரு கட்டு விடுப்புப் படிவங்கள். நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்ட நண்பனை எப்படிக் கண்டிப்பது, ஒருவருக்கு அடிபட்டால் முதலில் யாரை அழைப்பது என்றெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

தொழிற்சாலையில் இதனால் உற்பத்தி குறையும், சண்டை வரும், நல்ல ஆட்கள் வேலையை விட்டுப் போவார்கள். இதே நிலையில் உள்ள ஒருவர் இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் நமக்கும் பாடம் உண்டு.

நம் நாட்டில் போலீஸ் படை ஒன்றுதான். அதை நடத்துவது மத்திய அரசாங்கம். அமெரிக்காவில் ஏறக்குறைய 18,000 போலீஸ் அமைப்புகள் இருக்கின்றன. பல நகரங்களும் மாவட்டங்களும் தங்கள் படையைத் தாங்களே நடத்துகின்றன. நகரப் போலீஸ் படைகளில் கிட்டத்தட்ட பாதியில் பத்துப் பேர்கூடக் கிடையாது. அதனால் ஒரு சார்ஜன்ட் பயிற்சிக்குப் போவாரா இல்லையா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் உள்ளூர் நகர மன்றம்தான். சாக்கடைப் பராமரிப்புக்கும் தெருவிளக்கு ஒப்பந்தத்துக்கும் நடுவே ஒரு வரித் தீர்மானமாக அது வரும். பார்வையாளர் நாற்காலிகள் காலியாக இருக்கும். கையெழுத்தாகிவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் கலிபோர்னியா. அங்கே 1959-இல் போலீசாரின் தகுதியையும் பயிற்சியையும் கவனிக்க மாநில அளவில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. சுருக்கமாக ‘போஸ்ட்’ என்பார்கள். அதன் நிதியுதவியைப் பெற விரும்பும் நகரம், ஆணையத்தின் தரத்தைப் பின்பற்றுவதாகத் தன் மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அந்தத் தரங்களில் ஒன்று, முதல்நிலை மேற்பார்வையாளராக உயர்த்தப்படுகிறவர் 12 மாதங்களுக்குள் குறைந்தது 80 மணி நேரப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்பது. அதற்கு மேல் தலைமைத்துவப் பயிற்சியும் உண்டு. அது மாதம் மூன்று நாள் வீதம் எட்டு மாதங்கள் நடக்கும்.

80 மணி நேரம் என்றால் இரண்டு வேலை வாரம். பெரிய விஷயமா என்று நமக்குத் தோன்றலாம். எட்டே பேர் உள்ள ஒரு சிறு நகரப் படையை நினைத்துப் பாருங்கள். சார்ஜன்ட் இரண்டு வாரம் வெளியூர் போய்விட்டால் அவருடைய ஷிஃப்டை இன்னொருவர் ஓவர்டைம் போட்டுப் பார்க்க வேண்டும். பயிற்சிக் கட்டணத்தைவிட அந்தக் காலியிடத்தை நிரப்புவதற்கு ஆகும் செலவுதான் சிறு ஊர்களுக்குப் பாரம். அதனால்தான் பயணம், தங்குமிடம், சில சமயங்களில் மாற்று ஆளின் சம்பளம் வரை திருப்பித் தரும் நிதி ஏற்பாடுகள் வந்தன. அந்த நிதி பல ஆண்டுகளாக வந்தது எங்கிருந்து தெரியுமா? போக்குவரத்துக் குற்றங்களுக்கும் மற்றக் குற்றங்களுக்கும் விதிக்கப்படும் அபராதத்தின் மேல் வசூலித்த கூடுதல் தொகையிலிருந்து. அபராத வசூல் குறைந்தபோது பயிற்சிப் பணமும் குறைந்தது.

நகரங்கள் இந்தச் செலவை ஏற்றுக்கொள்வதற்கு நல்லெண்ணம் மட்டுமே காரணமல்ல, நீதிமன்றமும் ஒரு காரணம். ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரில் 1978-இல் ஜெரால்டின் ஹாரிஸ் என்ற பெண்ணைப் போலீசார் கைது செய்து நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். வண்டிக்குள்ளேயே தரையில் உட்கார்ந்திருந்தார். மருத்துவ உதவி வேண்டுமா என்று கேட்டதற்குப் பொருளற்ற பதில் வந்தது. நிலையத்தில் இரண்டு முறை சரிந்து விழுந்தார். கடைசியில் அவரைத் தரையிலேயே கிடக்க விட்டுவிட்டார்கள். மருத்துவரை யாரும் அழைக்கவில்லை. விடுவிக்கப்பட்ட பிறகு குடும்பத்தார் ஏற்பாடு செய்த ஆம்புலன்ஸில்தான் மருத்துவமனைக்குப் போனார்.

கைதிக்கு மருத்துவம் தேவையா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அங்கே ஷிஃப்ட் பொறுப்பாளருக்கு இருந்தது. அந்த முடிவை எடுக்க முதலுதவிக்கு மேல் தனிப் பயிற்சி எதுவும் அவருக்குத் தரப்படவில்லை என்று விசாரணையில் சாட்சியம் வந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989-இல் நீதிமன்றம் ஒரு விதியை வகுத்தது. மக்களின் உரிமைகளைத் தெரிந்தே அலட்சியப்படுத்துவதற்குச் சமமாகப் பயிற்சியின்மை இருந்தால், அந்த நகரமே பொறுப்பேற்க நேரிடும் என்பதே அது. ‘அந்த அதிகாரிதான் தப்பு செய்தார்’ என்று சொல்லி நகரம் விலகிக்கொள்வது அதன்பின் அவ்வளவு எளிதாக இல்லை.

இதைப் படித்துவிட்டு, பணம் கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்பினால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். 2020 மே 25-ஆம் தேதி மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திய டெரெக் ஷாவின், 19 ஆண்டு அனுபவசாலி. புதியவர்களுக்குக் களப்பயிற்சி தருகிற பொறுப்பும் அவருக்கு இருந்தது. அன்று அவருடன் இருந்தவர்களில் இருவர் பணிக்கு மிகப் புதியவர்கள். ஒருவர், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கலாமா என்று கேட்டும் பார்த்தார். மூத்தவர் வேண்டாம் என்றார். அதோடு நின்றுவிட்டது. ஃபிளாய்ட் எதிர்ப்பதை நிறுத்தியவுடனேயே அழுத்துவதையும் நிறுத்தியிருக்கலாம் என்று அவர்களுடைய சார்ஜன்ட் பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். சரியான வார்த்தைதான். ஆனால், அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் அந்தத் தெருவில் இல்லை. ஃபிளாய்டின் குடும்பத்துக்கு நகரம் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 27 மில்லியன் டாலர். எத்தனை சார்ஜன்ட்டுகளுக்கு எத்தனை வாரம் பயிற்சி தந்திருக்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மெம்ஃபிஸ் நகரில் 2023 ஜனவரியில் டயர் நிக்கல்ஸ் என்ற இளைஞரைப் போலீசார் அடித்த சம்பவத்திலும் இதே குறை வெளியே வந்தது. மூன்று நாள் கழித்து அவர் இறந்தார். சம்பவ இடத்தில் மேற்பார்வையாளர் ஒருவரும் இல்லாதது பெரிய பிரச்சினை என்று அந்நகரின் போலீஸ் தலைவரே ஒப்புக்கொண்டார். எனவே, நிதியோடு இன்னும் இரண்டு வேண்டும். மேற்பார்வையாளர் சம்பவ இடத்தில் இருக்க வேண்டும். ‘அண்ணே, இது சரியில்லை’ என்று இளையவர் சொன்னால் காது கொடுத்துக் கேட்கவும் அவருக்குக் கற்றுத் தர வேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். தடுப்புக் காவல் மரணங்கள் நம் சமூகத்துக்குப் புதிய செய்தியல்ல. 2005-இல் அரச விசாரணை ஆணையம் போலீஸ் சீர்திருத்தத்துக்கு 125 பரிந்துரைகளைத் தந்தது. அவற்றில் நாம் அதிகம் பேசியது, புகார்களை விசாரிக்கும் சுயேச்சை அமைப்பைப் பற்றித்தான். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, அன்று பரிந்துரைத்ததைவிட அதிகாரம் குறைந்த ஓர் ஆணையம் 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கியது. விசாரணை அவசியம், மறுக்கவில்லை. ஆனால், விசாரணை என்பது சம்பவத்துக்குப் பிறகு வருவது. லாக்கப்பில் ஒருவர் மூச்சு வாங்கும்போது அன்றிரவு பொறுப்பில் இருப்பவர் என்ன செய்வார் என்பதை அதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

போலீஸ் மத்திய அரசாங்கத்தின் கையில் இருந்தாலும், நகராண்மைக் கழகங்களுக்குத் தனி அமலாக்கப் பிரிவு உண்டு. நம் வீட்டுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் மதிப்பீட்டு வரியின் ஒரு பகுதி அதற்கும் போகிறது. சாலையோரம் பூக்கட்டி விற்கும் அம்மாவின் மேசையைத் தூக்கி லாரியில் போடுவதா, ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்து எச்சரிப்பதா என்று அந்த இடத்தில் முடிவெடுப்பவர் குழுத் தலைவர்தான். அவருக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நாம் கேட்டிருக்கிறோமா?

தனியார் துறைக்கு இந்தப் புத்தி ஏற்கெனவே வந்துவிட்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டுத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள், அதற்கான துறைகளில் இருந்தால், சம்பளத்தில் ஒரு விழுக்காட்டைத் திறன் பயிற்சிக்கு வரியாகச் செலுத்த வேண்டும். எச்.ஆர்.டி. கோர்ப் வழியாக அதைப் பயிற்சிக்குத் திரும்பப் பெறலாம். உங்கள் நிறுவனத்தில் புதிதாக சூப்பர்வைசர் ஆனவருக்கு அந்தப் பணம் பயன்படுகிறதா என்று நாளை அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

உங்கள் பகுதிக் கவுன்சிலரைச் சந்திக்கும்போது குழி விழுந்த சாலையைப் பற்றிக் கேட்பீர்கள். கேளுங்கள். கூடவே மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமலாக்கக் குழுத் தலைவர்களுக்கு இந்த ஆண்டு எத்தனை நாள் பயிற்சி? அதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது? பயிற்சி பெற்றவர் களத்துக்குப் போகிறாரா, மேசையிலேயே இருக்கிறாரா? அவருக்கு உடனே பதில் தெரியாமல் போகலாம். அடுத்த கூட்டத்தில் கேட்டுச் சொல்லுங்கள் என்று அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.